வேண்டாம் என்று எழுதியவர்கள்

திம்பு
மார்ச் 4

இல்லை அக்கா, உன் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நேற்று அந்தப் பக்கம் போனேன். கண்ணாடி வழியே பார்த்தால் நீ ஒட்டிய பனி ஏரிகளின் வரைபடம் சுவரில் அப்படியே இருக்கிறது. ஒரு மூலை மட்டும் சுருண்டுவிட்டது.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். முதுகு எப்படி இருக்கிறது? இங்கே அம்மாவுக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள். படி ஏறும்போது வலி இல்லையாம். இறங்கும்போது மருத்துவரைத் திட்டிக்கொண்டே இறங்குகிறாள்.

குரல் செய்தி ஏன் அனுப்புவதில்லை என்று கேட்டாய். நீ பதில் அனுப்பினால் அம்மாவிலிருந்து டாக்சிக்காரர் வரை சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். அதோடு, குரலில் நீ சிரித்தே தப்பித்துவிடுகிறாய். மின்னஞ்சல்தான் என்றாலும் இதைக் கடிதம் என்றே வைத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை என்றால் வழியனுப்பு விருந்து. "இந்த வாரம் யாரு?" என்றுதான் கேட்கிறோம். "எங்க?" என்று கேட்பதில்லை. எல்லோரும் நீ இருக்கும் பெர்த்துக்குத்தான். பேக்கரிக்காரர் பெயருக்கு மட்டும் இடம் விட்டு கேக்கை முன்கூட்டியே செய்து வைக்கிறார்.

அதனால் மேலே ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். அரசாங்க வேலைக்கு வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிடப் போகிறோம். வங்கியிலிருந்து, ஓட்டலிலிருந்து, தனியார் மின் நிலையத்திலிருந்து, வெளிநாட்டிலிருந்து. பரீட்சை கிடையாது. நேராக மேல் பதவி, மூன்று வருட ஒப்பந்தம். விண்ணப்பம் வாங்கப் போவதில்லை. தகுதியானவர்களைத் தேடி நாங்களே அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். எப்படிச் செய்வது என்று ஒரு வெளிநாட்டு ஆலோசகர் வழவழப்பான கையேடு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். அந்த வேலை எங்கள் பிரிவின் தலையில்.

"நாம பரீட்சை எழுதி, வருஷக்கணக்கா ஒவ்வொரு படியா ஏறணும். அவங்க மட்டும் லிஃப்ட்ல வருவாங்களா லா?" என்றார் பக்கத்து மேஜை சிங்யே, மரியாதைக்குப் போடும் ‘லா’வை மட்டும் விடாமல்.

நம் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பதவிகளில் ஒன்று பனி ஏரி வெள்ள எச்சரிக்கைப் பிரிவின் தலைமை. உன் பழைய வேலை. ராஜினாமா செய்து போனவர்களையும் அழைக்கலாம் என்று விதியில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அதைச் சேர்த்தது யார் என்று கேட்காதே.

உனக்குத் தெரிந்த நல்ல ஆட்கள் இருந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் லாடென்


பெர்த்
மார்ச் 21

லாடென் தங்கச்சி,

நான் நலம். அம்மா திட்டுகிறாள் என்றால் அவளும் நலம்தான். மிஸஸ் ஹார்டிங்கைத் தூக்கி உட்கார வைக்கும்போது மட்டும் முதுகு பிடிக்கிறது. இந்த முதியோர் இல்லத்தில் அவர்தான் எனக்கு நெருக்கம். நான் ஏரிகளைக் காவல் காத்தவள் என்று ஒருநாள் சொன்னேன். "ஓடிவிடுமா என்ன?" என்று கேட்டார். ஆமாம், அதுதான் பயம் என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் "உன் ஏரிகள் இருக்கின்றனவா?" என்று விசாரிக்கிறார். பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். எழுந்ததும் ஏரிகள் இருக்கும் லுனானாவின் வெப்பநிலையைப் பார்ப்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான். நேற்று இங்கே முப்பத்தாறு. அங்கே உறைநிலைக்குக் கீழே.

வெளியாட்களைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் இங்கே வெளியாள்தான். முதல் வாரம் நடந்ததை உனக்குச் சொன்னேனா? மேற்பார்வையாளர் பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். நம் ஊர் மரியாதைப்படி முதல் தடவை கையால் வாயை மூடிக்கொண்டு "மேஷு மேஷு" என்று தலையை ஆட்டினேன். சரி என்று டப்பாவை மூடிவிட்டாள்! வேண்டாம் என்றால் இவர்களுக்கு வேண்டாம்தான். இரண்டாவது தடவை நீட்டுவாள் என்று வாயிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன். எனக்குப் பல்வலி என்று நினைத்து ஒரு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். அதை மறுக்கவில்லை.

இப்போது டப்பா திறக்கிற சத்தம் கேட்டாலே கை தானாக நீள்கிறது.

ஆள் கேட்டாய். மின் நிலையத்தில் இருக்கும் கெல்சாங் நல்லவன். யாரை எடுத்தாலும் ஒன்று பார்த்து எடுங்கள். கருவி பார்க்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். கீழே புனாகாவில் தூங்குகிறவர்கள் சைரனை நம்ப வேண்டும், அதுதான் கஷ்டம். ஒரு தடவை வீணாக ஒலித்துவிட்டால் அடுத்த தடவை போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். வீணாக ஒலித்த மறுநாளே பிரிவின் தலைவர் நேரில் போய், ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் குடித்து, மன்னிப்புக் கேட்க வேண்டும். மேலே ஏரிக்கரையில் காவல் இருக்கும் இருவரிடமும் தினம் பேச வேண்டும். நீர்மட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு ரேடியோவை வைத்துவிடக் கூடாது. மனைவி எப்படி, யாக் மாடு கன்று போட்டதா என்று கேட்க வேண்டும். பேச்சுத் துணை இல்லாதவன் ஏரிவரை நடக்காமலே எண்ணைச் சொல்லிவிடுவான்.

யாரோ பார்க்கப் போகிற வேலைக்கு நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன்.

அம்மாவை முட்டிக்குப் போடும் எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்.

அன்புடன்
குன்சாங்


திம்பு
ஏப்ரல் 9

அக்கா,

எண்ணெய் தேய்த்தாயிற்று. வீடு முழுக்க வாசனை. எனக்குச் சளி, பெரிதாக ஒன்றுமில்லை. உன் பிஸ்கட் கதையை அம்மாவிடம் வாசித்தேன். "அடப்பாவிகளா, பிள்ளையப் பட்டினி போட்டுட்டாங்களே!" என்று நிஜமாகவே கோபப்பட்டாள்.

கடிதங்கள் போகத் தொடங்கிவிட்டன. பட்டியலில் பதினோரு பேர்; ஒரே பதவிக்குப் பலர் என்றால் வரிசைப்படி ஒவ்வொருவராக. உனக்கும் ஒன்று வந்திருக்கும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் பெயரைப் பட்டியலில் வைத்தது எங்கள் பிரிவுத் தலைவர் டாஷோ. நான் அவர் அறைக்குப் போய், "குன்சாங் என் அக்கா லா. அந்தப் பதவி விஷயத்துல நான் இருக்கக் கூடாது" என்றேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "தெரியும்மா. இந்த ஊர்ல யாருக்கு யார் சொந்தமில்ல? அந்தப் பேச்சு வர்றப்ப மட்டும் வெளியே போய் நில்லு. கடிதத்தை சிங்யே அடிக்கட்டும்." அப்படியே வெளியே நின்றேன். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றால் உள்ளே எல்லோரும் நம்மைப் பற்றியே பேசுவது போல இருக்கிறது.

முதல் ஆள் வந்துவிட்டார். ஜம்யாங். பாங்காக்கில் வளர்ந்தவர், கணினிச் சேவைப் பிரிவுக்கு. அழைப்பு போன அன்றே சம்மதம் என்று பதில். டாஷோவும் நிதித் துறை மேடமும் பேசிப் பார்த்தார்கள். நான் குறிப்பு எடுத்தேன்.

"இந்த வேலைக்கு நீங்க பொருத்தமா இருப்பீங்களா?" என்றார் மேடம்.

"நிச்சயமா. என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த நாட்டுல இல்லன்னு நினைக்கிறேன்."

அறையில் யாரும் எதையும் பார்க்கவில்லை. மேடம் தன் தோள் துண்டைச் சரிசெய்தார். டாஷோ இருமினார். ஜம்யாங் போனதும் மேடம் கேட்டார்: "பையனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஆனால் கெட்டிக்காரர்தான். எடுத்துவிட்டார்கள்.

மற்றவர்களின் பதில்கள்தான் ஏமாற்றம். பாரோ ஓட்டலின் யேஷே மேடம், "எனக்கு என்ன தெரியும் லா, பாத்திரம் எண்ணுகிறவள்" என்று எழுதியிருக்கிறார். வங்கிக்காரர் ஒருவர், தன்னைவிடத் தன் உதவியாளர் மேல் என்கிறார். கையேட்டில் மறுப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதிலைப் படித்து அதில் குறி போடுகிறேன். பெயர் பட்டியலிலிருந்து போய்விடுகிறது.

நீ உனக்குத் தோன்றியதை எழுது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போ.
லாடென்


பெர்த்
மே 1

தங்கச்சி,

சளிக்கு இஞ்சி போட்டுக் குடி. மாத்திரை வேண்டாம். இங்கே வெயில் தணிந்துவிட்டது. நான் நலம்.

கடிதம் வந்தது. அரசு முத்திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றுதான் படித்தேன். சமையலறையில், ஒரு கையில் கரண்டியோடு. மறுநாள் மிஸஸ் ஹார்டிங்குக்கும் படித்துக் காட்டினேன். "போகிறாயா?" என்றார். சிரித்தேன்.

டாஷோவுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். நான் வெளியே வந்து நாலு வருடமாகிறது, கருவிகள் எல்லாம் மாறியிருக்கும், எனக்கு இப்போது என்ன தெரியும், என்னைவிடத் தகுதியானவர்கள் அங்கேயே இருக்கிறார்கள் என்று எழுதினேன். உண்மையும் அதுதானே. இவ்வளவு பெரிய பொறுப்பு. நான் யார்.

குழு அடுத்து எப்போது கூடுகிறது? சும்மா கேட்டேன்.

இந்த வீட்டு ஒப்பந்தம் முடிந்தது. மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டித்திருக்கிறேன். பாபேசா வீட்டில் என் அறையில் இன்னும் ஈரம் கசிகிறதா? போன மழைக்குக் கசிந்தது என்றாயே.

அம்மாவுக்கு என் அன்பு.
குன்சாங்


திம்பு
மே 9

அக்கா,

சளி போய்விட்டது. அம்மா நலம்.

உன் பதில் கோப்பில் சேர்ந்துவிட்டது. உன் வாழ்க்கை இப்போது அங்கே. எனக்குப் புரிகிறது. குழு திங்கட்கிழமை கூடியது. அடுத்த பெயர் கெல்சாங்.

உன் அறையில் கசிவு இல்லை. அம்மா அதில் மிளகாய் காய வைத்திருக்கிறாள்.

லாடென்


பெர்த்
ஜூலை 6

தங்கச்சி,

நாள் ஓடிவிட்டது, கோபப்படாதே. வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். இங்கே குளிர்காலம். நம் ஊர்க் குளிர் இல்லை, எலும்பைத் தொடாத குளிர். அம்மா எப்படி இருக்கிறாள்? நீ மெலிந்துவிட்டாய் என்று அத்தை மகள் சொன்னாள்.

கெல்சாங் வந்துவிட்டானா? அவனிடம் சொல், மூன்றாவது கோபுரத்து சைரனில் மழைக்காலத்தில் குளவி கூடு கட்டும்.

இங்கே செவிலியர் படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். இரண்டு வருடம். இல்லத்திலேயே அனுப்புகிறார்கள். வீட்டு ஒப்பந்தத்தையும் ஒரு வருடத்துக்குப் போட்டுவிட்டேன். மூன்று மூன்று மாதமாக நீட்டுவதற்கு உரிமையாளர் ஒப்பவில்லை.

மிஸஸ் ஹார்டிங் இப்போதெல்லாம் என் பெயரை மறந்துவிடுகிறார். ஏரிகளை மட்டும் கேட்கிறார்.

வேறு விசேஷம் இல்லை.

குன்சாங்


திம்பு
ஜூலை 15

குளவிக்கூட்டைக் கலைத்தாயிற்று அக்கா. ஆனால் கலைத்தது கெல்சாங் இல்லை. பிரிவில் மிச்சமிருக்கும் பேமா, ஏணி போட்டு ஏறி, கன்னம் வீங்கி வந்தாள்.

நான் மெலியவில்லை. அம்மா நலம். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன்.

கெல்சாங் வரவில்லை. அவனுக்கு அடுத்தவரும் வரவில்லை. பதினோரு பேரில் ஒன்பது பேர் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். வந்தது ஜம்யாங்கும், வெளிநாட்டில் படித்த ஒரு கணக்காளரும்தான். வெளியில் தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்று மேலே அனுப்ப நானே அறிக்கை எழுதி வைத்திருந்தேன். நல்ல நடையில் எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜம்யாங்கை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். தனியாக இருக்கிறார், பாவம். கூடவே பக்கத்து வீட்டு தேக்கி அத்தையும். அம்மா மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்டு எமா தாட்ஷி வைத்திருந்தாள். நான் பரிமாறினேன்.

ஜம்யாங்கிடம் இன்னும் கொஞ்சமா என்றேன். "போடுங்க, பிரமாதம்" என்று தட்டை நீட்டினார். தேக்கி அத்தையிடம் கேட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டு மேஷு மேஷு என்றார். சரி என்று சட்டியை அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டேன்.

அம்மா பின்னாலேயே வந்தாள். கரண்டியைப் பிடுங்கினாள்.

"என்னடி பண்ற? அவ தட்டு காலியா இருக்கு."

"வேண்டாம்னு சொன்னாங்கம்மா."

"எத்தனை தடவை கேட்ட?"

"ஒரு தடவை."

"ஒரு தடவை கேட்டுட்டு சட்டியத் தூக்கிட்டு வருவியா? ஆபீஸ்ல இதைத்தான் கத்துக் குடுக்கிறாங்களா? அவ எழுந்து போனா தெரு முழுக்கச் சொல்லுவா, குன்சாங் அம்மா வீட்டுல சோறு இல்லன்னு!"

அம்மா உள்ளே போனாள். தேக்கி அத்தை இன்னும் வாயில் கையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா கேட்கவே இல்லை. நேராகத் தட்டில் போட்டாள். "ஐயோ, ஐயோ" என்று சொல்லிக்கொண்டே அத்தை முழுவதையும் சாப்பிட்டார்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்பது பேர் அக்கா. ஒன்பது பேரும் வாயில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். நான் மறுப்பு என்று குறி போட்டேன்.

திங்கட்கிழமை டாஷோவிடம் போனேன்.

"எல்லாரையும் இன்னொரு தடவை கேக்கணும் லா."

"வேண்டாம்னு எழுதிட்டாங்களேம்மா."

"யாரும் வேண்டாம்னு எழுதல லா. மரியாதை பண்ணியிருக்காங்க."

அவர் பதில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாத்திரம் எண்ணுகிறவள் என்ற இடத்தில் நின்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த நாற்காலிக்கு என்னைக் கூப்பிட்டப்ப மூணு தடவை வேண்டாம்னேன். நாலாவது தடவை கேக்காம விட்டுடுவாங்களோன்னு அன்னைக்குப் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நானே இதைப் படிச்சு, நானே கையெழுத்துப் போட்டிருக்கேன் பாரு!"

"கையேட்டுல ரெண்டாவது தடவைன்னு ஒண்ணு இல்ல லா."

"கூடாதுன்னு இருக்கா?"

"இல்ல லா."

"அப்புறம் என்ன."

இப்படித்தான் இரண்டாவது கடிதங்கள் போயின. எட்டுப் பேருக்கு. யேஷே மேடம் மறுநாளே தொலைபேசியில் வந்துவிட்டார். "இவ்வளவு தூரம் சொல்றப்ப எப்படி மறுக்கிறது லா" என்றார். எட்டுப் பேரில் கெல்சாங் மட்டும் நிஜமாகவே வரமாட்டான். மின் நிலையத்தில் அவனை உயர்த்திவிட்டார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நேராகப் பதில் சொல். டாஷோவுக்கு நீ எழுதியது மரியாதையா, நிஜமா? நீ வரத் தயார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அதைக் காட்டி நான் டாஷோவிடம் பேசிக்கொள்வேன்.

லாடென்


பெர்த்
ஜூலை 24

என் கண்ணு,

நான் நலம். பேமாவின் கன்னத்துக்கு வெங்காயம் தேய்க்கச் சொல். தேக்கி அத்தை வயிறு சரியாக இருக்கிறதா? உன் கடிதத்தைப் பேருந்தில் படித்துச் சிரித்ததில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

ஒன்பது எட்டானதைக் கவனித்தேன். நீ செய்தது சரிதான். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இந்த ஊரில் ஒரு பேச்சு எழுந்தால் அடங்க எத்தனை வருடமாகும் என்று எனக்குத் தெரியாதா? அந்த சிங்யே ஏதாவது சொல்லியிருப்பான். அவன் என்னோடு வேலை பார்த்தவன்தான். கெட்டவன் இல்லை. நாக்குதான் நீளம்.

மரியாதையா நிஜமா என்று கேட்கிறாய். அப்படி வாய்விட்டுக் கேட்கிற வீட்டில் யாருக்குச் சாப்பாடு இறங்கும்? நானாக வருகிறேன் என்று எழுத வேண்டுமா? தட்டை நானே நீட்டிக்கொண்டு வர வேண்டுமா? இங்கே நாலு வருடமாக அதைத்தான் செய்கிறேன். பிஸ்கட்டுக்கு, விடுமுறைக்கு, விசாவுக்கு. நன்றாகவே பழகிவிட்டது. நம் வீட்டிலும் அப்படிச் செய்ய மட்டும் மனம் வரவில்லை.

வேண்டாம் லாடென். என்னை விட்டுவிடுங்கள். படிப்பில் சேர்ந்துவிட்டேன். விலகினால் இரண்டு வாரம் முன்னால் சொல்ல வேண்டுமாம், விசாரித்தேன். வீட்டு ஒப்பந்தம் வேறு இருக்கிறது. அதற்கு மாற்று ஆள் கிடைப்பாள் என்றாலும் இருக்கிறது. அந்த வேலைக்கு இளையவர்கள்தான் வேண்டும். லுனானாவுக்கு இப்போதும் நடந்துதான் போக வேண்டுமா, ஹெலிகாப்டர் தருகிறார்களா? என் முட்டி அம்மாவின் முட்டி மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது. பேமா ஒருத்தி எப்படிச் சமாளிக்கிறாள்? இரவில் திரையைப் பார்ப்பது யார்? மேலே காவல் இருப்பது இன்னும் அந்தப் பழைய இருவர்தானா? அவர்களிடம் யார் பேசுகிறார்கள்?

வேறு யாரையாவது பாருங்கள். மழை வலுப்பதற்குள் பாருங்கள்.

அம்மாவிடம் இதை வாசிக்காதே.

குன்சாங்


திம்பு
ஆகஸ்ட் 3

அக்கா,

வாசித்துவிட்டேன். மன்னித்துக்கொள். நான் படித்துக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

முழுக்கக் கேட்டாள். மிளகாயைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். பிறகு, "எவ்வளவு பசி பாரு புள்ளைக்கு" என்றாள். மிளகாய்த் தட்டுகளை உன் அறையிலிருந்து ஒவ்வொன்றாக மாடிக்குக் கொண்டுபோனாள். முழங்காலோடு. உதவ விடவில்லை.

எட்டாகக் குறைத்தது நான்தான். டாஷோ ஒன்பது என்றே எழுதச் சொன்னார். வெளியே வந்தபோது சிங்யே, எல்லோரும் கேட்கும்படி, "ஒன்பது பேருக்குப் பந்தின்னு சொல்லிட்டு, அக்காவுக்குத்தானே பரிமாறப் போறீங்க லா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் போய் உன் பெயரை எடுக்கச் சொன்னேன். பிறகு, கேட்கிற வேலையையும் உன் தலையிலேயே போட்டேன்.

பேமா இரவில் திரைக்கு முன்னால் பாய் போட்டுப் படுக்கிறாள். காவலுக்கு இருப்பது அந்தப் பழைய இருவர்தான். அவர்களிடம் யாரும் பேசுவதில்லை. ஹெலிகாப்டர் இல்லை, நடைதான். மழை நேற்றிலிருந்து விடவில்லை.

உன் முட்டிக்கு எண்ணெய் வைத்திருக்கிறாயா?

அம்மா நலம். நான் நலம். மிஸஸ் ஹார்டிங் கேட்டால் ஏரிகள் இருக்கின்றன என்று சொல்.

லாடென்


இதை அனுப்பிவிட்டு, லாடென் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு ஒரு தாள் எழுதினாள். கீழ்நிலை ஓய்வூதியப் பிரிவு என்றாலும் சரி என்று அதில் சேர்த்தாள். தாளை எடுத்துக்கொண்டு சிங்யேயின் மேஜையைத் தாண்டி டாஷோவின் அறைக்குப் போனாள். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, தாளை அவர் முன்னால் வைத்து, "நான் இந்தப் பிரிவுல இல்லன்னா யாரும் பேச்சு எழுப்ப முடியாது. என் அக்காவை இன்னொரு தடவை கேளுங்க லா. வேண்டாம்னு எழுதுவாங்க. அதுக்கப்புறமும் கேளுங்க" என்றாள்.